வீட்டிலும் தெருவிலும் ஒரு ஓட்டுகூட விட்டுப்போகாமல் இருக்க

2024 ஏப்ரல் 19 அன்று தமிழ்நாட்டின் 39 மக்களவைத் தொகுதிகளிலும் ஒரே நாளில் வாக்குப்பதிவு நடந்தது. தருமபுரியில் 81 சதவீதத்துக்கு மேல் ஓட்டு விழுந்தது. மத்திய சென்னை 54 சதவீதத்தைக்கூடத் தொடவில்லை. உடனே "பட்டணத்துக்காரர்களுக்குப் பொறுப்பில்லை" என்று பேச்சு கிளம்பியது. அந்தப் பேச்சில் பாதிகூட உண்மையில்லை. சதவீதம் கணக்கிடப்படுவது வாக்காளர் பட்டியலில் உள்ள பெயர்களை வைத்துத்தான். அந்தத் தெருவில் இன்று குடியிருப்பவர்களை வைத்து அல்ல. வாக்காளர் பட்டியலை வீடுவீடாகச் சரிபார்த்த சிறப்புத் தீவிர திருத்தத்தின்போது (எஸ்.ஐ.ஆர்.) 2025 டிசம்பரில் வெளியான வரைவுப் பட்டியலில் தமிழ்நாடு முழுவதும் 97 லட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் இல்லை. இறந்தவர்கள், வீடு மாறிப் போனவர்கள், இரண்டு இடத்தில் பெயர் இருந்தவர்கள், தேடி வந்தபோது காணக்கிடைக்காதவர்கள் எனக் காரணங்கள் பல. ஆண்டுதோறும் வாடகை வீடு மாறும் நகரத்தில் இந்தக் கோளாறு கூடுதலாக இருப்பதில் வியப்பில்லை.

ஓட்டுப் போடாதவர்களிடம் காரணம் கேட்டால் கிடைக்கும் பதில்கள் ஆறேழு வகைக்குள் அடங்கிவிடும். பெயர் இல்லை. பெயர் வேறு ஊரில் இருக்கிறது. லீவு தரவில்லை. உடம்பு முடியவில்லை. யாருக்குப் போடுவதென்று தெரியவில்லை. யாரையும் பிடிக்கவில்லை. என் ஒரு ஓட்டால் என்ன ஆகப்போகிறது. இவற்றில் முதல் நான்கும் மனசு சம்பந்தப்பட்டவை அல்ல, வேலை சம்பந்தப்பட்டவை. தேர்தல் நாள் காலையில் அவற்றை யாராலும் சரிசெய்ய முடியாது. வாரக்கணக்கில் முன்பே செய்தால் ஒவ்வொன்றையும் சரிசெய்துவிடலாம். ஆகவே இந்தக் கையேட்டில் பெரும்பகுதி அந்த வேலைகளைப் பற்றியது.

பட்டியல்தான் முதல் வேலை

கையில் வாக்காளர் அட்டை இருந்தால் ஓட்டு இருக்கிறது என்று நம்புவதுதான் எல்லாத் தேர்தலிலும் அதிகம் பேரை ஏமாற்றும் விஷயம். அட்டை என்பது அடையாளம் மட்டுமே. ஓட்டு இருப்பது பட்டியலில். அட்டை பத்திரமாக பீரோவில் இருக்கும்போதே பெயர் நீங்கியிருக்கலாம். ஆகவே ஆண்டுக்கு ஒரு முறையாவது, தேர்தல் வரும் ஆண்டில் ஜனவரியிலேயே, வீட்டில் உள்ள ஒவ்வொருவரின் பெயரையும் தனித்தனியாகப் பாருங்கள். அப்பா பெயர் இருந்தால் அம்மா பெயரும் இருக்கும் என்று விட்டுவிடாதீர்கள்.

தேர்தல் ஆணையத்தின் வாக்காளர் சேவை இணையதளத்தில் மூன்று வழிகளில் தேடலாம்: அட்டை எண், பெயர் மற்றும் விவரங்கள், செல்போன் எண். அட்டை எண்ணில் தொடங்குங்கள். பெயரை வைத்துத் தேடினால் எழுத்துப் பிழை காலை வாரிவிடும். ஆங்கிலத்தில் ஒரு மாதிரியும் தமிழில் வேறு மாதிரியும் பதிவான பெயர்கள் ஏராளம், இனிஷியலைப் பெயரோடு ஒட்டிவிட்ட பதிவுகளும் உண்டு. பழைய அட்டைகளில் இருக்கும் சாய்கோடு போட்ட நீண்ட எண்கள் மூன்று எழுத்தும் ஏழு இலக்கமும் கொண்ட புதிய எண்களாக மாற்றப்பட்டுவிட்டன. பழைய எண்ணைக் கொடுத்து "பதிவு இல்லை" என்று வந்தால் பதறவேண்டாம். உங்கள் சட்டமன்றத் தொகுதியையும் பாகத்தையும் (ஒரு சாவடிக்குரிய பட்டியல் பகுதி) தேர்ந்தெடுத்து, பாகவாரிப் பட்டியலை இறக்கி, தெருப் பெயரைப் பிடித்துக் கதவு எண் வாரியாகக் கண்ணால் தேடுங்கள். இணையம் பழக்கமில்லாதவர்கள் 1950 என்ற எண்ணுக்குப் பேசலாம், அல்லது பி.எல்.ஓ. எனப்படும் வாக்குச்சாவடி நிலை அலுவலரைப் பார்க்கலாம். பெரும்பாலும் அங்கன்வாடிப் பணியாளரோ ஆசிரியரோ கிராம உதவியாளரோதான் அந்தப் பொறுப்பில் இருப்பார். தெருவில் நாலு பேரிடம் கேட்டால் ஆள் யாரென்று தெரிந்துவிடும்.

பெயர் கிடைத்ததும் பாகம் எண், வரிசை எண், வாக்குச்சாவடி இருக்கும் பள்ளியின் பெயர் மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு சாவடிக்கு 1,500 பேர் வரை இருந்த வரம்பை 2025இல் தேர்தல் ஆணையம் 1,200 ஆகக் குறைத்தது. அதனால் பல சாவடிகள் பிரிகின்றன. போன முறை போட்ட பள்ளியேதான் இந்த முறையும் என்று சொல்ல முடியாது, பள்ளி அதேயாக இருந்தாலும் அறை மாறியிருக்கலாம்.

எந்தப் படிவம், எப்போது

பட்டியலில் எங்கேயும் பெயர் இல்லாதவர்களுக்குப் படிவம் 6. பெயர் ஏற்கெனவே ஓரிடத்தில் இருந்து வீடு மாறியவர்களுக்கும், பெயர், வயது, புகைப்படம் திருத்தவேண்டியவர்களுக்கும், தொலைந்த அட்டைக்கு மாற்று வேண்டியவர்களுக்கும் படிவம் 8. இறந்தவர் பெயரை நீக்கவோ ஒரு பெயருக்கு ஆட்சேபம் சொல்லவோ படிவம் 7. வெளிநாட்டில் இருக்கும் இந்தியக் குடிமக்களுக்குப் படிவம் 6ஏ. அவர்கள் பாஸ்போர்ட்டில் உள்ள இந்திய முகவரிக்குரிய சாவடிக்கு நேரில் வந்து, அசல் பாஸ்போர்ட்டைக் காட்டித்தான் ஓட்டுப் போட முடியும்.

இதில் தவறு அதிகம் நடப்பது கல்யாணமாகிப் புகுந்த வீட்டுக்கு வந்த பெண்கள் விஷயத்தில்தான். பெயர் அம்மா வீட்டுப் பட்டியலில் இருக்கும். இங்கே யாரோ படிவம் 6ஐ நிரப்பிக் கொடுத்துவிடுவார்கள். அது இரட்டைப் பதிவு. படிவம் 6இல் "வேறெங்கும் என் பெயர் இல்லை" என்ற உறுதிமொழியில் கையெழுத்து வாங்குகிறார்கள், பொய்யான உறுதிமொழிக்கு ஓராண்டு வரை சிறைத்தண்டனை என்று சட்டம் சொல்கிறது. அந்த அளவுக்குப் போகாவிட்டாலும், இரட்டைப் பதிவு என்று கண்டுபிடித்து நீக்கும்போது எந்தப் பெயர் போகும் என்பது நம் கையில் இல்லை. இவர்களுக்குரியது படிவம் 8 மட்டுமே. பழைய அட்டை எண்ணைக் கொடுத்தால் அங்கிருந்து நீங்கி இங்கே சேர்ந்துவிடும்.

18 வயது நிரம்பிவிட்டதா என்று பார்க்க முன்பெல்லாம் ஜனவரி 1 ஒன்றுதான் கணக்கு. 2022 முதல் ஜனவரி 1, ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1 என நான்கு தகுதி நாள்கள் உண்டு. 17 வயது முடிந்தவர்கள் முன்கூட்டியே விண்ணப்பம் கொடுத்து வைக்கலாம், உரிய தகுதி நாள் வந்ததும் பெயர் ஏறும். பிளஸ் டூ படிக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால் தேர்வு முடிந்த வாரமே செய்துவிடுங்கள். கல்லூரி விடுதியில் இருக்கும் மாணவர், விடுதி முகவரியில் பதிவதா சொந்த வீட்டு முகவரியில் பதிவதா என்பதை அவரே தீர்மானிக்கலாம். விடுதியில் பதிய, கல்வி நிறுவனத் தலைவரின் சான்று தேவை.

முகவரிச் சான்றாக ஆதார், வங்கி அல்லது அஞ்சலகப் பாஸ்புக், பாஸ்போர்ட், பதிவுசெய்த வாடகை ஒப்பந்தம், மின்சாரம் அல்லது கேஸ் ரசீது போன்றவற்றில் ஒன்று போதும். வாடகைக்கு இருப்பவர்களிடம் பெரும்பாலும் பதிவுசெய்த ஒப்பந்தம் இருக்காது. அதற்காகப் பின்வாங்க வேண்டாம். சான்று எதுவுமே இல்லாவிட்டால் அலுவலர் நேரில் வந்து விசாரித்துச் சேர்க்க விதி இருக்கிறது. அவர் வரும் நேரத்தில் வீடு பூட்டியிருந்தால் விண்ணப்பம் தள்ளுபடியாகலாம். பக்கத்து வீட்டில் சொல்லிவைத்து, படிவத்தில் செல்போன் எண்ணைத் தெளிவாக எழுதுங்கள்.

இனி காலக்கெடு. பெயர் சேர்க்கும் வேலை ஆண்டு முழுதும் நடந்தாலும், வேட்புமனு கொடுக்கும் கடைசி நாளோடு அந்தத் தேர்தலுக்குரிய பட்டியல் இறுகிவிடுகிறது. ஒவ்வொரு விண்ணப்பத்தையும் ஆட்சேபத்துக்காக ஏழு நாள் வைத்திருக்கவேண்டும் என்பதால், அந்தக் கடைசி நாளுக்குப் பத்து நாள் முன்பே விண்ணப்பம் போய்ச் சேர்ந்திருக்கவேண்டும். 2024இல் தேர்தல் அட்டவணை வெளியானது மார்ச் 16. தமிழ்நாட்டில் மனுத்தாக்கலின் கடைசி நாள் மார்ச் 27. ஆக, விண்ணப்பிக்க மார்ச் 17தான் கடைசி நாள். "தேதி அறிவிக்கட்டும், பார்த்துக்கொள்ளலாம்" என்று இருந்தவர்களுக்குக் கிடைத்தது ஒரே ஒரு நாள்.

ஊரிலா, வேலை செய்யும் இடத்திலா

திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை, ஓட்டு தூத்துக்குடி மாவட்டத்தில். சென்னையில் ஐ.டி. வேலை, ஓட்டு தஞ்சாவூரில். இப்படி இருப்பவர்கள்தான் தேர்தலுக்குத் தேர்தல் கைவிட்டுப்போகும் ஓட்டுகளில் பெரும்பங்கு. சட்டம் கேட்பது "வழக்கமாகக் குடியிருக்கும் இடம்". ஊரில் சொந்த வீடோ நிலமோ இருப்பது மட்டும் அங்கே வாக்காளராக இருக்கப் போதாது.

எங்கள் பரிந்துரை: ஆண்டின் பெரும்பகுதியைக் கழிக்கும் இடத்துக்கு ஓட்டை மாற்றிக்கொள்ளுங்கள். உங்கள் தெருக் குடிநீரும் நீங்கள் ஏறும் ரயிலும் அந்தத் தொகுதியில்தான் இருக்கின்றன. ஊர்ப் பாசத்தில் ஓட்டை அங்கேயே வைத்திருப்பது தவறல்ல, ஆனால் அப்படியென்றால் போக்குவரத்தைத் தேதி அறிவித்த அன்றே முடிவுசெய்துவிட வேண்டும். தேர்தலுக்கு முந்தைய இரவு சென்னை கிளாம்பாக்கம் பேருந்து நிலையத்தில் நின்றுகொண்டு சீட்டுத் தேடும் நிலை வந்தால் பாதிப்பேர் திரும்பிவிடுவார்கள்.

விடுமுறை பற்றிப் பலருக்குத் தெரியாத விஷயம் ஒன்று உண்டு. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 1951இன் 135பி பிரிவின்படி, கடை, தொழிற்சாலை, வேறெந்த நிறுவனமானாலும் அங்கே வேலை செய்யும் வாக்காளருக்கு வாக்குப்பதிவு நாளில் சம்பளத்தோடு விடுமுறை தரவேண்டும். தினக்கூலிக்கும் இது பொருந்தும், அன்றைய கூலியைப் பிடிக்கக்கூடாது. மறுக்கும் முதலாளிக்கு அபராதம் 500 ரூபாய் வரை மட்டுமே. இது கேவலமான தொகை, ஆனாலும் தேர்தல் நேரத்தில் தொழிலாளர் துறைக்குப் புகார் போனால் நிர்வாகங்கள் இறங்கிவருகின்றன. ஆள் இல்லாவிட்டால் ஆபத்தோ பெரிய இழப்போ நேரும் வேலைகளுக்கு மட்டும் விலக்கு உண்டு. அங்கேயும் ஷிப்டை மாற்றிக் கேட்கலாம். ஒருவராகப் போய்க் கேட்பதைவிட, பத்துப் பேர் கையெழுத்திட்டு ஒரு வாரம் முன்பே எழுத்தில் கொடுப்பது பலன் தரும்.

நடக்க முடியாதவர்களுக்கு

85 வயதைக் கடந்தவர்களும், 40 சதவீதத்துக்குக் குறையாத மாற்றுத்திறன் சான்று உள்ளவர்களும் வீட்டிலிருந்தே தபால் ஓட்டுப் போடலாம். அதற்குப் படிவம் 12டி. தேர்தல் அறிவிக்கை வெளியான நாளிலிருந்து ஐந்து நாளுக்குள் அதைக் கொடுத்தாக வேண்டும். பி.எல்.ஓ. வீட்டுக்கே கொண்டுவருவார் என்றாலும் அவரை நம்பி இருந்துவிடாமல் நீங்களே கேட்டு வாங்குங்கள். அதன்பின் அலுவலர் குழு வாக்குச்சீட்டோடு வீட்டுக்கு வரும். வீடியோ எடுப்பார்கள், ஆனால் சீட்டில் குறியிடும்போது மறைப்பு உண்டு. முதல் முறை வந்தபோது ஆள் ஆஸ்பத்திரியில் இருந்தால் இன்னொரு முறை வருவார்கள். அதோடு சரி.

கவனிக்கவேண்டியது: தபால் ஓட்டு கேட்டவர் பெயருக்கு நேரே பட்டியலில் குறி போட்டுவிடுவார்கள். பிறகு மனம் மாறிச் சாவடிக்குப் போனால் அனுமதி கிடையாது. நடமாட்டம் ஓரளவு இருக்கும் பாட்டி, "எல்லாரோடும் வரிசையில் நின்று மை வைத்துக்கொண்டு வருவேன்" என்று ஆசைப்பட்டால், படிவம் கொடுக்குமுன் அவரிடமே கேளுங்கள். அவர்களைக் கேட்காமல் பிள்ளைகள் முடிவுசெய்வது பல வீடுகளில் நடக்கிறது, அது வேண்டாம்.

சாவடிக்கு வரும் முதியவர்களும் மாற்றுத்திறனாளிகளும் வரிசையில் காத்திருக்கத் தேவையில்லை. பார்வையற்றவரும் பட்டனை அழுத்த இயலாதவரும் 18 வயது நிரம்பிய ஒருவரைத் துணைக்கு அழைத்துப் போகலாம். ஒருவர் அன்று ஒரே ஒருவருக்குத்தான் துணையாகப் போக முடியும். வாக்குப்பதிவுக் கருவியில் பட்டனுக்குப் பக்கத்தில் பிரெய்ல் எண்களும் உண்டு.

"என் ஒரு ஓட்டால் என்ன?"

இந்தக் கேள்வியைக் கேட்பவரிடம் கடமை, ஜனநாயகம் என்று பிரசங்கம் செய்தால் பேச்சு அங்கேயே நின்றுவிடும். கணக்காகப் பேசுங்கள். பத்து லட்சத்துக்கு மேல் ஓட்டு விழும் தொகுதியில் ஒரு ஓட்டு முடிவை மாற்றுவது அரிது என்பது உண்மைதான், அதை ஒப்புக்கொள்ளுங்கள். அதே மூச்சில் 2024இல் மும்பை வடமேற்கில் வெற்றி வித்தியாசம் 48 ஓட்டு என்பதையும் சொல்லுங்கள். விருதுநகரில் அதே தேர்தலில் 4,379. சிதம்பரத்தில் 2019இல் 3,219. ஒரு தொகுதியில் ஆயிரத்துக்கு மேற்பட்ட சாவடிகள் இருக்கும். விருதுநகரிலும் சிதம்பரத்திலும் சாவடிக்கு நாலைந்து பேர் மாறி யோசித்திருந்தால் ஆளே மாறியிருப்பார்.

தோற்பவருக்குப் போடும் ஓட்டும் எண்ணப்படுகிறது, அதன் பலன் அடுத்த தேர்தலில் தெரியும். பதிவான செல்லத்தக்க ஓட்டில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வாங்காத வேட்பாளர் டெபாசிட்டை (மக்களவைத் தேர்தலில் பொதுவாக 25,000 ரூபாய்) இழக்கிறார். ஒரு சீட்டும் ஜெயிக்காத கட்சிகூட மாநிலத்தில் 8 சதவீத ஓட்டு வாங்கினால் அங்கீகாரமும் நிலையான சின்னமும் பெறலாம். 2024இல் ஒரு தொகுதியிலும் வெல்லாத நாம் தமிழர் கட்சி மாநில அங்கீகாரம் பெற்றது அப்படித்தான். அந்தக் கட்சியை நீங்கள் ஆதரிக்கிறீர்களா எதிர்க்கிறீர்களா என்பது வேறு விஷயம். "ஜெயிக்காத ஆளுக்குப் போட்டால் ஓட்டு வீண்" என்ற வாதம் தப்பு என்பதற்கு அது சான்று.

யாரையும் பிடிக்கவில்லை என்பவருக்கு நோட்டா இருக்கிறது. உச்ச நீதிமன்றம் 2013 செப்டம்பர் 27 அன்று தந்த தீர்ப்பால் வந்தது. ஆனால் அதைப் பற்றி மிகைப்படுத்திச் சொல்லாதீர்கள். நோட்டா முதலிடம் பிடித்தாலும் தேர்தல் ரத்தாகாது, அடுத்து அதிக ஓட்டு வாங்கிய வேட்பாளர்தான் வென்றவர். பரந்தூர் விமான நிலையத்தை எதிர்த்து ஏகனாபுரம் மக்கள் 2024 தேர்தலைப் புறக்கணித்தார்கள். ஊர்கூடி முடிவெடுத்து, முன்பே அறிவித்து, காரணத்தையும் சொல்லிச் செய்ததால் அது செய்தியானது. தனியாளாக வீட்டில் இருந்துவிடுபவரின் எதிர்ப்பு யாருக்கும் தெரியாது, தூங்கிப்போனவரோடு சேர்த்துத்தான் அவரையும் எண்ணுவார்கள். குறைந்தபட்சம் இவ்வளவு ஓட்டு விழவேண்டும் என்ற விதியும் நம் நாட்டில் கிடையாது. எதிர்ப்பைப் பதிவுசெய்யத்தான் வேண்டும் என்றால் வீட்டில் இருப்பதைவிட நோட்டா மேல்.

யாருக்கு என்று தெரியாதவர்களுக்கு ஒரு மாலை நேரம் போதும். ஒவ்வொரு வேட்பாளரும் படிவம் 26இல் சொத்து, கடன், படிப்பு, குற்ற வழக்கு விவரங்களைப் பிரமாணப் பத்திரமாகக் கொடுக்கவேண்டும், அது தேர்தல் ஆணைய இணையதளத்தில் கிடைக்கும். முக்கியமான நாலைந்து பேருடையதை எடுத்து, போன தேர்தலில் கொடுத்ததோடு ஒப்பிட்டுப் படியுங்கள். குடும்பமாக உட்கார்ந்து படித்தால் இன்னும் நல்லது, ஆனால் முடிவை ஒவ்வொருவரும் தனித்தனியாகவே எடுக்கட்டும்.

அழைப்பது எப்படி

மனிதர்களை ஓட்டுப் போட வைப்பது எது என்பதை அமெரிக்காவில் ஆய்வாளர்கள் நேரடியாகச் சோதித்திருக்கிறார்கள். 1998இல் நியூ ஹேவன் நகரில் நடந்த சோதனையில் வீட்டுக்கு நேரில் போய் அழைத்தது நன்றாக வேலை செய்தது, கூலிக்கு ஆள் வைத்துப் போனில் அழைத்தது பலிக்கவில்லை. 2008இல் பென்சில்வேனியாவில் இன்னொரு சோதனை. எத்தனை மணிக்குப் போவீர்கள், எங்கிருந்து கிளம்புவீர்கள், அதற்கு முன் என்ன செய்துகொண்டிருப்பீர்கள் என்று கேட்டார்கள். அப்படிக் கேட்கப்பட்டவர்களிடையே வாக்குப்பதிவு ஏறக்குறைய நான்கு சதவீதப் புள்ளி கூடியது. அந்தப் பலன் முழுக்கத் தனியாக வாழ்பவர்களிடம்தான் தெரிந்தது. நாலு வாக்காளர் உள்ள வீட்டில் இந்தப் பேச்சு தானாகவே நடந்துவிடுகிறது போலும்.

இதை நம் ஊருக்கு அப்படியே எடுத்துக்கொள்ளலாம். கூட்டுக்குடும்பத்தில் நேரத்தைச் செலவிடாதீர்கள், அவர்கள் எப்படியும் போவார்கள். மேன்ஷன், பெண்கள் விடுதி, பேச்சிலர் அறை, பிள்ளைகள் வெளியூரில் இருக்கத் தனியாக வாழும் பெரியவர்கள், இவர்களைத் தேடிப் போங்கள். "மறக்காம ஓட்டுப் போடுங்க" என்று சொல்லிவிட்டு வராமல், "பெரியம்மா, காலையில எத்தனை மணிக்குக் கிளம்புறீங்க? எந்த ஸ்கூல்னு தெரியுமா? யாரோட போறீங்க?" என்று கேளுங்கள். மூன்றாவது கேள்விக்குப் பதில் இல்லாவிட்டால் "ஏழரைக்கு நான் வர்றேன், சேர்ந்து போலாம்" என்று சொல்லுங்கள். குடியிருப்போர் சங்க வாட்ஸ்அப் குழுவில் பத்துப் படம் பகிர்வதைவிட இந்த ஒரு வாக்கியம் அதிகம் செய்யும். யாருக்குப் போடுவீர்கள் என்று மட்டும் கேட்காதீர்கள். கேட்ட நிமிடமே உங்களைக் கட்சிக்காரராக நினைத்துவிடுவார்கள்.

சாவடிக்குள்

2024இல் தமிழ்நாட்டில் நேரம் காலை 7 முதல் மாலை 6 வரை. முதல் ஒரு மணி நேரத்தில் கூட்டம் அதிகம், வெயில் ஏறும் பிற்பகலில் குறைவு. மாலையில் மறுபடி கூடும். முடியும் நேரத்தில் வரிசையில் நிற்பவர்களுக்குக் கடைசி ஆளிடமிருந்து தொடங்கி வரிசையாகச் சீட்டுக் கொடுப்பார்கள். சீட்டு வாங்கியவர் எத்தனை மணியானாலும் ஓட்டுப் போடலாம். ஐந்தே முக்காலுக்கு நீண்ட வரிசையைப் பார்த்துத் திரும்பிவிடாதீர்கள்.

பூத் சிலிப் மட்டும் காட்டி ஓட்டுப் போட முடியாது, 2019 முதல் அது அடையாள ஆவணம் அல்ல. வாக்காளர் அட்டை இல்லாவிட்டால் ஆதார், பான், ஓட்டுநர் உரிமம், பாஸ்போர்ட், புகைப்படம் ஒட்டிய வங்கி அல்லது அஞ்சலகப் பாஸ்புக், நூறு நாள் வேலை அட்டை, புகைப்படத்தோடு கூடிய ஓய்வூதிய ஆவணம், மாற்றுத்திறனாளி அட்டை போன்றவற்றில் ஒன்றின் அசல் வேண்டும். ரேஷன் ஸ்மார்ட் கார்டு செல்லாது. எல்லாவற்றுக்கும் ரேஷன் கார்டை நீட்டிப் பழகிய நம் மக்கள் இதனால் வீடு வரை திரும்பி நடக்கிறார்கள், முதல் நாளே சொல்லிவிடுங்கள். செல்போனை உள்ளே கொண்டுபோகக் கூடாது என்பதால் போனில் இருக்கும் ஆதார் படமும் உதவாது.

உள்ளே முதல் அலுவலர் உங்கள் பெயரையும் வரிசை எண்ணையும் சத்தமாக வாசிப்பார், கட்சி ஏஜென்ட்கள் தங்கள் பட்டியலில் குறிப்பார்கள். இரண்டாமவர் இடது ஆள்காட்டி விரலில் மை வைத்து, 17ஏ பதிவேட்டில் கையெழுத்தோ கைரேகையோ வாங்கி, ஒரு சீட்டுத் தருவார். மூன்றாமவர் அந்தச் சீட்டை வாங்கிக்கொண்டு கட்டுப்பாட்டுக் கருவியில் பட்டனை அழுத்துவார். அதன் பிறகே மறைப்புக்குள் இருக்கும் கருவியில் பச்சை விளக்கு எரியும். விளக்கு எரியுமுன் அழுத்தினால் ஒன்றும் நடக்காது. சின்னத்தின் மேல் விரலை வைத்து அழுத்துபவர்கள் இருக்கிறார்கள். அழுத்தவேண்டியது சின்னத்துக்கு நேரே உள்ள நீலப் பட்டன். சிவப்பு விளக்கு எரிந்து, பக்கத்தில் உள்ள வி.வி.பேட் கருவியின் சிறு கண்ணாடி ஜன்னலில் ஒரு தாள் தெரியும். வரிசை எண், பெயர், சின்னம் மூன்றும் அதில் இருக்கும். ஏழு விநாடியில் அறுந்து பெட்டிக்குள் விழுந்துவிடும், நீண்ட பீப் ஒலி கேட்கும். அந்த ஒலி கேட்காமல் வெளியே வராதீர்கள். ஏழு விநாடி போதுமான நேரம்தான், ஆனால் எழுத்து பொடி. படிக்கும் கண்ணாடி போடுபவர்கள் அதை எடுத்துப்போக வேண்டும். அது இல்லாவிட்டால் சின்னத்தையாவது பாருங்கள்.

ஒரு கருவியில் நோட்டாவையும் சேர்த்து 16 இடங்கள். கரூரில் 2024இல் 54 பேர் போட்டியிட்டதால் நான்கு கருவிகள் வரிசையாக வைக்க வேண்டியிருந்தது. உங்கள் வேட்பாளரின் வரிசை எண்ணை முன்பே தெரிந்துகொண்டால் எந்தக் கருவி என்பது புரிந்துவிடும். நோட்டா எப்போதும் கடைசிப் பெயருக்குக் கீழே.

சிக்கல் வந்தால் என்ன செய்வது என்பதையும் தெரிந்துகொண்டு போங்கள். உங்கள் பெயரில் வேறு யாரோ ஏற்கெனவே ஓட்டுப் போட்டிருந்தால் சண்டை போட்டுத் திரும்பிவராதீர்கள். விதி 49பி-யின்படி (49P) ஆய்வுக்குரிய வாக்குச்சீட்டு தரச்சொல்லித் தலைமை அலுவலரிடம் கேளுங்கள். அடையாளத்தைச் சரிபார்த்து அச்சிட்ட தாள் தருவார்கள். அது வழக்கமான எண்ணிக்கையில் சேராது, ஆனால் வித்தியாசம் நூலிழையில் நின்று வழக்கு நீதிமன்றம் போனால் அது பேசும். "வராதவர், குடிமாறியவர், இறந்தவர்" பட்டியலில் உங்கள் பெயரைக் குறித்திருந்தாலும் ஓட்டு போய்விடவில்லை. கூடுதல் சரிபார்ப்பும் கைரேகையும் கேட்பார்கள், அவ்வளவுதான். வி.வி.பேட் தாளில் வேறு பெயர் வந்ததாகத் தோன்றினால் எழுத்து மூலம் உறுதிமொழி கொடுக்கவேண்டும். ஏஜென்ட்கள் முன்னிலையில் சோதனை ஓட்டுப் போடச் சொல்வார்கள், புகார் உண்மையானால் அந்தச் சாவடியில் வாக்குப்பதிவு நிற்கும். பொய்யென்றால் தண்டனை உண்டு. அதனால் சந்தேகத்தின் பேரில் கத்தாமல், கண்ணால் பார்த்தது உறுதியென்றால் மட்டும் சொல்லுங்கள்.

தேர்தலுக்குத் தேர்தல் சுற்றும் ஒரு வாட்ஸ்அப் செய்தி: "பட்டியலில் பெயர் இல்லாவிட்டாலும் ஆதாரைக் காட்டி சேலஞ்ச் ஓட்டுப் போடலாம்." பொய். பட்டியலில் பெயர் இல்லாதவர் எந்த விதியின் கீழும் ஓட்டுப் போட முடியாது. சேலஞ்ச் என்பது, வந்திருப்பவர் உண்மையான ஆள் இல்லை என்று ஓர் ஏஜென்ட் இரண்டு ரூபாய் கட்டி ஆட்சேபிப்பது.

பணம்

பணம் வாங்கிய பிறகு "சத்தியத்தை மீறலாமா" என்று தவிப்பவர்கள், ஏழ்மையில் நேர்மையாக இருக்க நினைக்கும் மனிதர்கள். அவர்களைத் திட்டிப் பயனில்லை. யார் யாருக்குப் போட்டார்கள் என்பது எந்த ஏஜென்டுக்கும் தெரியாது என்பதைப் புரியவையுங்கள். தெரிவது சாவடியின் மொத்தக் கணக்கு மட்டுமே. கொடுப்பதும் வாங்குவதும் இரண்டுமே குற்றம். பணப்பட்டுவாடாவால் 2017 ஏப்ரலில் ஆர்.கே. நகர் இடைத்தேர்தலும் 2019இல் வேலூர் மக்களவைத் தேர்தலும் ரத்தாயின. கொடுப்பதைக் கண்டால் தேர்தல் ஆணையத்தின் சி-விஜில் செயலியில் அங்கிருந்தே படமோ வீடியோவோ எடுத்து அனுப்பலாம், பெயர் சொல்லாமலும் அனுப்ப முடியும். 100 நிமிடத்துக்குள் நடவடிக்கை என்பது அதன் இலக்கு.

முடிந்த மறுவாரம்

உங்கள் தெருவில் யார் யார் போட முடியாமல் போனது, எதனால் என்று ஒரு தாளில் எழுதிவையுங்கள். பெயர் இல்லாதவர்கள், ஊரில் ஓட்டு உள்ளவர்கள், எழுத்துப் பிழையால் அலைக்கழிந்தவர்கள், அந்த ஆண்டு 18 ஆகப்போகும் பிள்ளைகள் என்று பிரித்தால் யாருக்குப் படிவம் 6, யாருக்கு 8 என்பது தானாகத் தெரியும். நடத்தை விதிகள் விலகியதும் பி.எல்.ஓ.வைப் பார்த்து அந்தத் தாளின் ஒரு நகலைக் கொடுங்கள். கோபமும் ஏமாற்றமும் ஆறிப்போவதற்குள் படிவத்தில் கையெழுத்து வாங்கிவிடுவது எளிது. விண்ணப்பத்துக்குக் கிடைக்கும் ஒப்புகை எண்ணை அவரவர் செல்போனில் படமெடுத்து வைக்கச் சொல்லுங்கள். ஒரு மாதம் கழித்து அந்த எண்ணை வைத்து நிலையைப் பார்த்து, தள்ளுபடி ஆகியிருந்தால் காரணத்தைக் கேட்டு மறுபடி கொடுக்கலாம்.